ஆறு வீடுகள்

மெல்பேர்னில் எனக்கு முதலில் பிடிபடாத விஷயம், படித்த பத்திரிகையை டிராமிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போகும் பழக்கம். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை பத்து வீடு ஏறி இறங்கி, கடைசியில் கடலை சுற்றப் போகும். இங்கே ஒருவர் இரண்டு நிறுத்தம்வரை புரட்டிவிட்டு இருக்கையில் போட்டுவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தொடுவதுகூட இல்லை. எழுபதுகளின் நடுவில், கோபர்க்கிலிருந்து வேலைக்குப் போன ஒரு காலையில் அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் என் முன்னால் வந்து நின்றதும், செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ என்று அதைத் திருப்பி இருக்கையில் வைக்கப் போனேன்.

"வைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்கள் ஊர்ச் செய்தி இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "நீங்கள் அரபியா?" என்று கேட்டார்.

"இல்லை, தமிழ்."

"ஜமீலாவா? நல்ல பெயர். எங்கள் மொழியில் அழகு என்று அர்த்தம்."

டிராம் இரைச்சலில் மொழியைப் பெயராகக் கேட்டுவிட்டார். திருத்தப் போனால் என் நிறுத்தம் தாண்டிவிடும் என்று சிரித்துவிட்டு இறங்கினேன். பல மாதங்கள் அவருக்கு நான் ஜமீலாதான்.

நான் வேலை செய்தது பிரன்ஸ்விக்கில் பில் என்பவரின் சிறிய அச்சுக்கூடத்தில். தேவாலய அறிவித்தல்களையும் சாப்பாட்டுக்கடைப் பட்டியல்களையும் மெழுகுத்தாளில் டைப் அடித்துக் கொடுப்பேன். பில் அதை உருளையில் ஏற்றிப் பிரதி எடுப்பார். சில வாரம் கழித்து அந்தக் கண்டக்டர் கையெழுத்துத் தாள்களோடு அங்கே வந்தார். பெயர் யூசுப், பலஸ்தீனர். மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு செய்தித்தாள் நடத்தினார். பழைய அச்சகம் இனி முடியாது என்று சொல்லிவிட்டதாம். ரமல்லாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆசிரியையாக இருந்த அவருடைய அக்காவின் கடிதங்கள், பிறநாட்டுப் பத்திரிகைகளில் வந்தவை, அகதி முகாம்களிலிருந்து வரும் குறிப்புகள் இவைதான் உள்ளடக்கம். விளம்பரம் கிடையாது. ஒரு கடைக்காரர் விளம்பரம் தந்துவிட்டு, அடுத்த வாரமே ஒரு செய்தியை எடுத்துவிடச் சொன்னாராம். அன்றிலிருந்து வாசகர் அனுப்பும் சந்தாவும் தபால்தலைகளும் மட்டும்தான். தொழிற்சங்கத்தார், மாணவர்கள், ஒரு பாதிரியார், லெபனான் மளிகைக்காரர் சிலர் என்று வாசகர் முந்நூறு பேருக்குள் இருந்தார்கள்.

வீட்டில் என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "வந்து ரெண்டு வருசம் ஆகேல்லை. உமக்கேன் இந்தச் சோலி?" என்றார்.

"நான் டைப் தானே அடிக்கிறன்" என்றேன். அது முழு உண்மை இல்லை. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த நாளில், பஸ் நிலையத்தில் நாலைந்து பெடியன்களைப் பொலிஸ்காரர் அடித்து இழுத்துப் போனதைக் கண்ணால் கண்டேன். மறுநாள் கொழும்பிலிருந்து வந்த பத்திரிகையை வரிவரியாகத் தேடினேன். 'கூட்டம் கலைக்கப்பட்டது' என்று ஒரு மூலையில் இரண்டு வரி. அந்தப் பெடியன்களில் ஒருவனுடைய செருப்பு நடுரோட்டில் கிடந்தது எனக்குத் தெரியும். அதை எந்தத் தாளும் எழுதவில்லை. யூசுபின் கையெழுத்தை டைப் அடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வரிக்குப் பதில் சொல்வதுபோல ஒரு வேகம் வரும்.

அந்த வேகம்தான் என்னைக் கெடுத்தது. அக்காவின் ஊரில் இராணுவம் வீடுகளை இடித்த செய்தியை அடித்த அன்று எனக்குக் கண் கலங்கியிருந்தது. பிரதிகள் தபாலில் போய் மூன்றாம் நாள், கையெழுத்துத் தாளை அடுக்கி வைக்கும்போது பார்த்தேன். அவர் எழுதியது ஆறு வீடு. நான் அடித்தது பதினாறு. பில்லிடம் சொன்னேன். அவர் உருளையைத் துடைத்தபடியே, "ஷீ'ல் பி ரைட்" என்றார். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னைப் புகழ்கிறார் என நினைத்து எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. 'பரவாயில்லை, விடு' என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது பிறகு தெரிந்தது.

விட்டுவிடலாம்தான். யார் போய் எண்ணப்போகிறார்கள்? ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்னவென்று கேட்ட கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "நாளைக்கே அந்த மனுசனிட்டைச் சொல்லும். வேணுமெண்டால் நானும் வாறன்" என்றார்.

இருவருமாகப் போனோம். யூசுப் தன் குசினியில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இல்லாத பத்து வீட்டுக்குள் இடிந்த ஆறு வீடும் காணாமல் போய்விடும்" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அடுத்த இதழ்வரை காத்திருக்கவில்லை. ஒற்றைத் தாளில் திருத்தம் எழுதினார். டைப் அடித்தவரின் தவறு என்று போடுங்கள் என்றேன். 'நாங்கள் தவறு செய்தோம்' என்றுதான் எழுதினார். அன்று நான் நீண்ட நேரம் முகவரி எழுத, என் கணவர் தபால்தலை ஒட்டினார்.

தவறை ஒப்புக்கொண்டு எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டீர்கள் என்று எழுதிச் சில வாசகர் விலகினார்கள். அதைப் பற்றி நான் கேட்டுவிடுவேனோ என்று யூசுப் டிராமில் என்னைக் காணும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டார்; தாள் நின்றுவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். இரண்டு வாரம் கழித்து அவர் அச்சுக்கூடத்துக்கு ஓடிவந்தார். கையில் ஒரு கடிதம். செயின்ட் கில்டாவில் வசிக்கும் வயதான யூதர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஒரு பொய்யாவது அகப்படும் என்று ஒரு வருடமாக உங்கள் தாளை அயலவரிடம் இரவல் வாங்கிப் படித்தேன். கடைசியில் நீங்களே கண்டுபிடித்து எனக்குச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஆறு வீட்டை இப்போது நம்புகிறேன். இனி என் பெயருக்கே அனுப்புங்கள்." யூசுப் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். மூன்றாம் முறை வாசிக்கச் சொல்லிப் பில்லிடம் நீட்டினார். அதன்பின் வேறு கடிதங்களும் வந்தன. போனவர்களைவிட வந்தவர்கள் கொஞ்சம் அதிகம். தாள் நிற்கவில்லை.

நானும் அந்தத் திருத்தத் தாளோடு ஒரு பிரதியை ஊரில் இருக்கும் தங்கச்சி விமலாவுக்கு அனுப்பினேன். அவள் அதை வாசிகசாலையில் தமிழில் வாசித்துச் சொன்னாளாம். யாரோ கேட்ட கேள்வியைத் தன் கடிதத்தில் எழுதி அனுப்பினாள்: 'அந்த ஆறு வீட்டுச் சனமும் இப்ப எங்கை இருக்கினம்?' நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் யூசுப் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "இதைக் கேட்டது யார்?" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். கேள்வி அக்காவுக்குப் போனது. இரண்டு மாதத்தில் பதில் வந்தது. எல்லாரும் அங்கேயே கூடாரத்தில் இருக்கிறார்கள், இரண்டு குடும்பம் மறுபடி கல் அடுக்கத் தொடங்கிவிட்டது என்று.

கேள்வியையும் பதிலையும் எழுதினவர்களின் மொழியிலேயே போடவேண்டும் என்றார் யூசுப். என் மெஷினில் ஆங்கிலம் மட்டும்தான் உண்டு. நடுவில் இடம்விட்டு மற்றதை அடித்தேன். பிறகு எழுத்தாணியால் மெழுகுத்தாளில் நான் தமிழை எழுத, கீழே அவர் அரபியை எழுதினார். பில் முதல் பிரதியைத் தூக்கிப் பிடித்து, எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று கேட்டார். என் வரி இடது ஓரத்திலிருந்து புறப்பட்டிருந்தது, யூசுபின் வரி வலது ஓரத்திலிருந்து. மை காயாத அந்த மெல்பேர்ன் தாளின் நடுவில் இரண்டும் வந்து நின்றன.