பாரம் குறைந்த பலகை

எப்போதாவது கல்லடிப் பக்கம் போனால், வாவிக்கு மேலே உள்ள பழைய பாலத்தில் பின்னேரம் தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "லொறியில இருந்து இறங்கின புள்ள" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஒருவர் இருவர் அல்ல. நான் மட்டும் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள்.

என் பெயர் சிவதர்ஷன். எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் ஸ்பீக்கர் பெட்டி சிப்போர்டில், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், செய்தது. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தின் படியில் அதைத் தனியாகத் தூக்கப் போய் முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. இனிப் பாரம் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒன்று பெட்டியை மாற்ற வேண்டும். இல்லையென்றால் வாசிப்பதை விட வேண்டும்.

என் கூட்டாளி றம்ஸீன் காத்தான்குடியில் தச்சு வேலை செய்கிறவன். சொந்தமாக ஒரு சின்னப் பட்டா லொறியும் வைத்திருக்கிறான்.

"நல்ல பாரமில்லாத பிளைவூட் எடுத்துத் தா மச்சான். ஒத்தக் கையால தூக்குற மாதிரி பெட்டி அடிச்சித் தாறன்" என்றான்.

காத்தான்குடியில் தேடினோம். டவுனில் தேடினோம். உறுதியான பலகை எல்லாம் பாரம். பாரம் குறைந்தது எல்லாம் நகம் பட்டாலே உரிந்து வந்தது. பேஸ் சத்தத்துக்கு அது பெட்டியாக நிற்காது, நடுங்கும். தேடி அலுத்துப்போன நேரத்தில்தான் ஒரு கடைக்காரர் கிரானில் இருக்கும் இராசதுரை என்பவரின் நம்பரைத் தந்தார். வெள்ளம் வந்த வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் போட்டுக் கொடுத்த கொட்டிலை அவர் கழற்றி வைத்திருக்கிறாராம். தடுப்புப் பலகை முழுக்க வெளிநாட்டு பிளைவூட்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போனோம். மழை வரும் போல மந்தாரம். இராசதுரை ஐயா அதிகம் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பலகைகளைக் காட்டினார்.

விரலை மடித்துத் தட்டினேன். "டொம்" என்று உருண்டையாக ஒரு சத்தம். இன்னொன்றைத் தட்டினேன். அதே சத்தம். நாலடிக்கு எட்டடிப் பலகை ஒன்றை நான், முதுகு உடைந்த நான், தனியாகத் தூக்கி நிறுத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி என் பெட்டியை நானே தூக்குவேன். மேடையை விட்டு இறங்கத் தேவையில்லை.

நாலு பலகை எடுத்தோம். லொறியின் முன் கம்பியிலும் பின் கதவிலும் முட்டுக் கொடுத்துப் படுக்கப் போட்டு, நடுவில் அடியில் இடைவெளி விட்டு, மேலே கயிறு போட்டுக் கட்டினோம். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். புறப்பட்டோம்.

சித்தாண்டி தாண்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது. அதை ஓட்டி வந்தவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"புள்ளய உள்ளுக்கு எடுங்க! விழப் போகுது!"

சொல்லிவிட்டு முந்திப் போய்விட்டார்.

"என்னடா சொல்றான்?" என்று றம்ஸீன் கேட்டான். எனக்கும் விளங்கவில்லை.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் எங்கள் லொறியைக் கண்டதும் இரண்டு கையையும் தலையில் வைத்தாள். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் எனக்குப் பின்னால், கொஞ்சம் மேலே.

அதற்குப் பிறகுதான் சத்தம் தொடங்கியது.

டக்... டக்... டக்...

எங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில். கயிற்று நுனி அடிக்கிறது என்று நினைத்தோம். ஏறாவூர் தாண்டி ஓரமாக நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தேன். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. கண்ணாடி வரை வரக்கூடிய நுனியே இல்லை.

ஆனால் மேல் பலகை...

நடுவில் தொட்டில் போலக் குழிந்து இருந்தது. அதற்குக் கீழே இருந்த மூன்றும் சேர்ந்து குழிந்திருந்தன. கீழிருந்து கையால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். முதுகில் சுரீர் என்றது.

நான் ஒற்றையாகத் தூக்கிய பலகை அது.

"வெயிலுக்கு வளைஞ்சிரிக்கும்" என்றான் றம்ஸீன்.

அன்றைக்கு வெயிலே இல்லை. அவனுக்கும் அது தெரியும். அவன் என் முகத்தைப் பார்க்காமல் போய் ஏறினான்.

டக்... டக்... டக்...

இந்த முறை விடாமல். வேகமாக. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் பலகையும் வானமும்தான். றம்ஸீன் வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

கல்லடிப் புதுப் பாலத்தில் ஏறும்போது இன்னும் பொழுது மங்கவில்லை. முன்னால் வாகனங்கள் தேங்கி நின்றன. பாலத்தின் நடுவில் நாங்களும் நின்றோம்.

சத்தம் நின்றது.

லொறி ஒருமுறை மேலெழும்பித் தாழ்ந்தது. யாரோ இறங்கிய மாதிரி.

பிறகு...

தொபுக்!

பக்கத்துப் பழைய பாலத்தில் இருந்து ஒரே கூச்சல். "புள்ள விழுந்திட்டு! புள்ள விழுந்திட்டு!"

தூண்டில்களைப் போட்டுவிட்டு இரண்டு பேர் வாவிக்குள் குதித்தார்கள். கீழே போய்க்கொண்டிருந்த தோணி திரும்பியது. நாங்கள் இறங்கும் முன் லொறியைச் சுற்றிச் சனம். பாலத்தில் நடக்க வந்த ஒரு பெண் நான் போட்டிருந்த சேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"பலகைக்கு மேல இருந்து கண்ணாடியில அடிச்சிச்சே! அப்பா, அப்பா எண்டு கத்தினது எங்களுக்குக் கேட்டிச்சி! ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

"எங்களோட புள்ள இல்ல" என்றேன்.

"என்ன?"

"புள்ளயே இல்ல அக்கா. எனக்குக் கல்யாணமே ஆகல்ல."

அவள் கையை எடுத்துவிட்டாள். என்னை ஒரு மிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மஞ்சச் சட்டை" என்றார் ஒருவர். "இறங்கி, கம்பியில ஏறி, ஒங்களத்தான் திரும்பிப் பாத்திச்சி" என்றார் இன்னொருவர். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை. எல்லோரும் கண்டிருக்கிறார்கள். எங்கள் இருவரைத் தவிர.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. தெரிந்தாலும் இந்த முதுகோடு குதிக்க முடியாது. அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று தெரிந்தும், "ஆண்டவனே, கிடைச்சிடணும்" என்று வாய் முணுமுணுத்தது.

குதித்தவர்களில் ஒருவர் அசனார். வாவியில் வலை வீசுகிறவர். மூன்றாம் முறை மூழ்கி மேலே வந்தபோது அவர் அலறினார்.

"கை... கை அகப்பட்டிச்சி! சின்னக் கை! புடிச்சிச்சி... வழுக்கிட்டு..."

திரும்ப மூழ்கினார்.

வெறும் கையோடு வந்தார்.

திரும்பவும் மூழ்கினார்.

இருட்டும் வரை மூழ்கினார். கடைசியில் அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த மனிதர் குழந்தை மாதிரித் தேம்பி அழுதார்.

பொலிஸ் எங்களைக் கொண்டுபோனது. அடுத்த நாள் சுழியோடிகள் வாவிக்குள் மூழ்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மாவட்டத்தில் எந்த வீட்டிலும் பிள்ளை காணாமல் போகவில்லை. வழியில் ஒரு கடையின் கமராவில் எங்கள் லொறி பதிவாகி இருந்தது. நாலு பலகை. மேலே யாருமே இல்லை. குழி மட்டும் இருந்தது.

எங்களை விட்டுவிட்டார்கள். பலகைகளையும் திருப்பித் தந்தார்கள். றம்ஸீன் அவற்றைத் தொட மாட்டேன் என்றான். என் போன் கோலையும் இப்போது எடுப்பதில்லை.

பலகையில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. அந்தக் கொட்டிலில் ஏதாவது பிள்ளை செத்திருக்க வேண்டும். ஒரு காலை நேரம் பஸ் ஏறிக் கிரானுக்குப் போனேன். இராசதுரை ஐயாவிடம் நேராகவே கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெல் மூட்ட வெச்ச கொட்டில் தம்பி. ஒரு புள்ளயும் அதுக்குள்ள இருந்ததில்ல, செத்ததுமில்ல." பிறகு கேட்டார். "மஞ்சச் சட்டை போட்ட புள்ளையத்தானே சொல்றீங்க?"

நான் சட்டையைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம்..." என்றேன்.

"அது ஒங்களோடதான் வந்திச்சி" என்றார். "ஒங்கட சேட்டப் பின்னால புடிச்சிக்கிட்டு நிண்டிச்சி. ஒங்கட புள்ள எண்டுதான் நான் நினைச்சன். நீங்க பலகையத் தட்டித் தட்டிப் பாத்தீங்க. அதை ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல்ல. எனக்கு ஒங்களோட பேசவே மனம் வரல்ல."

கை தானாகச் சேட்டின் பின்பக்கத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"போகக்குள்ள..." என்று அவர் தொடர்ந்தார். "தூக்கச் சொல்லி ஒங்களுக்கு ரெண்டு கையையும் நீட்டிச்சி.

நீங்க ஏறிக் கதவச் சாத்திட்டீங்க."