சாயங்காலம் வரை தாங்க வேண்டிய பேட்டரி

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஊரை வெள்ளம் சூழ்ந்தது. குடியாத்தம் போகும் தரைப்பாலம் மூழ்கியது, கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவரும் ஓய்ந்துவிட்டது. பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்ததால் அம்மா வேலூரில் தாய்வீட்டில் இருந்தாள். நானும் அப்பாவும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம்.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எலக்ட்ரீஷியன். முறையாக உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரரும்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் தெரியாத யாரிடமோ "இங்க மழை, அங்க எப்படி?" என்று அவர் ரேடியோவில் விசாரிப்பதை அம்மா ஒரு வியாதியாகவே கருதிவந்தாள். அன்று அந்த வியாதிக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஊர் மொத்தமும் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்து மாடியில் மூங்கில் நட்டு ஆன்டெனாவைக் கட்டி, வேலூரிலிருந்த தன் தோஸ்த்தைப் பிடித்துவிட்டார். அவரும் ஹாம்தான். எங்களுக்கு அவர் பாய்.

கவலையெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி. அப்பா சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டார்.

"மேல எழுதினுக்கறத நம்பக் கூடாது கண்ணு. பழசு இல்ல, பாதிதான் தேறும். சும்மா கேட்டுனு இருந்தா சாயங்காலம் வரிக்கும் ஓடும். பேசிக்கினே இருந்தா அரை மணி நேரத்துல காலி."

பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டரில் எண் இறங்கினால் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

டீக்கடைக்காரருக்குச் சர்க்கரை ஊசி தீர்ந்துவிட்டது. அந்தச் செய்திதான் முதலில் போனது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பெரியவர் வேலூரிலிருந்த மகனுக்குச் சொல்லச் சொல்லி நெடுநேரம் பேசினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா நல்லா இருக்காரு" என்று மட்டும் அனுப்பினார். பெரியவர் முகம் தொங்கிப்போனது.

"அம்மாவ பத்தி கேளுப்பா" என்றேன்.

"கேக்கலாம். மொதல்ல ஊசி வரட்டும்."

மறுபடி கேட்டேன். அதே பதில். அம்மாவை மறந்தே போய்விட்டார் என்று முடிவுகட்டி, அவரோடு பேசாமல் மீட்டரை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குமேல் படகு ஊசியோடு வந்து சேர்ந்தது. அதைச் சொல்ல அப்பா மைக்கை எடுப்பதற்குள் பாயே கூப்பிட்டார்.

"நீ கேக்கமாட்டேன்னு தெரியும்பா. நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன். பொண்ணு பொறந்திருக்குது. தாயும் புள்ளயும் சௌக்கியம்."

அப்பா மைக்கின் பொத்தானை அமுக்கினார். அமுக்கியவர் பேசவில்லை. வாய் திறந்தது, மூடியது. அந்த ரேடியோவில் பேசினாலும் பேசாவிட்டாலும் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை பேட்டரி கரையும். எண் இறங்கியது. மைக் திறந்திருக்கும்போது பக்கத்தில் மூச்சுவிடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். சட்டத்தை மீறாமல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மீட்டரை முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் மீட்டரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கடைசியில் நானே அவர் கட்டைவிரலைப் பிரித்து எடுத்தேன்.

ரேடியோவில் பாயின் குரல் மெதுவாக வந்தது. "சரிப்பா. கேட்டுச்சு."

வெயில் தாழ்வதற்குள்ளேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. நல்லவேளை, அதற்குமேல் அவசரச் செய்தி எதுவும் இல்லை.

தண்ணீர் வடிந்து நாங்கள் வேலூர் போனதும், குழந்தையைப் பார்க்கும் முன்பே அம்மாவிடம் புகார் சொன்னேன். "அப்பா ஒண்ணுமே பேசாம பேட்டரிய காலி பண்ணிட்டாரும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் தொட்டிலின் கொசுவலையை, அது சரியாகத்தான் இருந்தது, சரிசெய்யப் போய்விட்டார்.

பாயும் அங்கே இருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பாதான் பேசவே இல்லியே. உங்களுக்கு இன்னா கேட்டுச்சு?"

"எல்லாமே கேட்டுச்சும்மா" என்றார்.

பெரியவர்கள் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் தங்கச்சியைப் பார்க்கப் போனேன்.