மேசை போச்சு, முழங்கால் கிடைத்தது

லண்டனில் எங்கள் அமெரிக்கக் கன்ட்ரி இசைக் கிளப்பில் இன்று என் மேசையை எடுத்துவிட்டார்கள். இந்த வருடக் கச்சேரிகளின் முதல் நாளிலேயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

வரிசையாக நின்று ஆடுகிறவர்களுக்கு இடம் வேண்டுமாம். கிளப் செயலாளர் சொன்னார்.

நான் ஸ்டீல் கிட்டார் பழகியது மேடைக்கு முன்னால் அந்த மேசையில் இருந்து பார்த்துத்தான். மேசைபோல் கிடத்தி வைத்த அந்தக் கிட்டாரின் அடியில் தொங்கும் ஒரு லீவரை வாசிக்கிறவர் முழங்காலால் தள்ள, சுருதி வழுக்கி ஏறும். எந்த முழங்கால், எந்தப் பக்கம்? இன்று அதை வாசிக்க வந்தவர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

பின்சுவரோரம் நின்ற எனக்கு ஆடுகிறவர்களின் தொப்பிகள்தான் தெரிந்தன.

குட்மேய்ஸ் பக்கமிருந்து என்னோடு கூட வந்த தவம் சொன்னான்: "அண்ணை, ஆடுற ஆக்களோட முன்னுக்குப் போய் நில்லுங்கோ."

"எனக்கு ஆட ஏலாது."

"ஆர் உங்களை ஆடச் சொன்னது? காலை மாத்தி மாத்தி வையுங்கோ, கண்ணை மேடையில வையுங்கோ."

போனேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்கள் வேறொரு சுவரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பாடுகிறவருக்கே முதுகைக் காட்டுகிறார்கள்! ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

நான் திரும்பவில்லை. பக்கத்துப் பெண்மணி என்மேல் மோதி, "மற்றப் பக்கம், ஐயா" என்றார் ஆங்கிலத்தில்.

"என் பக்கம் இதுதான்" என்றேன்.

இடது முழங்கால், வெளிப்பக்கம். பார்த்துவிட்டேன். வலதைப் பார்ப்பதற்குள் வரிசை என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

ஆகவே, செயலாளர் அடுத்த கச்சேரிக்கு முன் என் மேசையைத் திரும்பப் போட வேண்டும். ஆடுகிறவர்கள் மேடையைப் பார்த்து ஆட வேண்டும். தவம் சிரிப்பதை நிறுத்த வேண்டும். வலது முழங்கால் என்ன செய்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுத வேண்டும்.