பெரியப்பா உட்கார்ந்த வாசற்படி

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்தவர் பெரியப்பா. பட்டாளத்தில் பாலமும் குடிலும் கட்டிவிட்டு, ஊர் திரும்பி ஆர்க்கிடெக்ட் ஆனவர். எந்த அறைக்கும் இரண்டு வாசல் இல்லாமல் வரைய மாட்டார். பட்டாளத்துப் பிடிவாதம் என்று அப்பா சிரிப்பார்.

சிரித்துக்கொண்டே, வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு, சாப்பாட்டு அறையின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தும் விட்டார். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

புதுமனை புகுவிழா அன்று முதல் பந்திக்கு வந்த பெரியப்பா அந்தச் சுவரைப் பார்த்தார். இலையில் உட்காராமல் வெளியே போய்விட்டார். குடும்பத்தில் மூத்தவர் கை நனைக்காமல் போனால் அம்மா சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பார்? கண் கலங்கி அவர் பின்னாலேயே ஓடினார்.

"உள்ள வாங்க மாமா. நீங்க சாப்புடாம நாங்க யாரும் எலையில உக்கார மாட்டோமுங்க."

வந்தார். ஆனால் சாப்பாட்டு அறைக்கு மிச்சமிருந்த ஒரே வாசலில், காலையில்தான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படியிலேயே, திறந்த கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

"படியில உக்கார்றது ஊட்டுக்கு ஆகாதுங்ண்ணா" என்று அத்தை பதறினார்.

"நீங்கெல்லாம் உள்ள சாப்புடுங்க அம்மணி. எனக்கு இங்கயே போதும்."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வேட்டியெல்லாம் பருப்பு. சாப்பிட்டு முடித்தும், உள்ளே கடைசி ஆள் எழும்வரை அவர் நகரவில்லை. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். ஒரு சுவருக்காக அம்மாவை அழவைப்பாரா? இனி அவர் தரும் மிட்டாயைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தேன்.

போன மாதம் பெரியப்பா காலமானார். அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் பெருந்துறையிலிருந்து துக்கம் கேட்க வந்தார். குளிர் நுழையக்கூடாது என்று ஒரே வாசல் வைத்துப் பெரியப்பா மலையில் கட்டிய ஒரு குடிலைப் பற்றிச் சொன்னார். பனி சரிந்து அந்த வாசலை மூடிவிட்டதாம். பெரியப்பா வெறுங்கையால் தோண்டினாராம். உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்று பெரியப்பா கோபித்துக்கொண்டுதான் படியில் உட்கார்ந்தார் என்று நினைத்திருந்தேன். ஒரே வாசல் உள்ள அறைக்குள் நாங்கள் எல்லோரும் இருந்தோம் என்பதும், கதவு சாத்திக்கொள்ளாதபடி அவர் முதுகு கொடுத்திருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.