சாய்ந்து நின்ற ஏழு பேர்

ஓவியத்தில் இருந்த அந்த ஆள் விழவில்லை, நடக்கிறான் என்று எனக்குத் தோன்றிய நொடியில் ஃபோர்மேன் அண்ணன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஃபிரேமின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஓவியத்தாளை நேராக்கி ஒட்டப் போகிறார். நான் பலகையின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, “அண்ணே, ஒரு நிமிஷம்” என்றேன்.

அமீரகத்தின் புஜைராவில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். உள் அலங்கார வேலை எங்கள் கம்பெனிக்கு. டிப்ளமோ முடித்து வந்து ஆறு மாதமாகியிருந்த எனக்கு சைட்டில் பேப்பர் வேலை. அன்று காலை மரப்பெட்டியில் ஏழு ஓவியங்கள் வந்திறங்கின, எல்லாம் கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்தவை. போன நூற்றாண்டின் பெல்ஜிய ஓவியர் ஒருவர் வரைந்தவை என்று கூடவே வந்த தாள் சொன்னது. வெறும் கரிக்கோடுகள். தலைக்கு ஒரு சுழி, முதுகுக்கு ஒரு வளைவு, காலுக்கு இரண்டு இழுப்பு. முகமில்லை, விரலில்லை, ஆனாலும் ஆள்! பெட்டியைத் திறந்ததிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை.

கோளாறை ஆரம்பித்தது ராமநாதபுரத்துக் கார்ப்பெண்டர். கதவோ அலமாரியோ, தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்காமல் அவர் விடமாட்டார். ஓவியத்துக்கும் பிடித்தார். உள்ளே இருக்கும் ஆளின் முதுகு நூலோடு ஒட்டும்வரை ஃபிரேமைத் திருப்பித் திருப்பி மூன்றை மாட்டிவிட்டார். ஆட்கள் நிமிர்ந்துவிட்டார்கள், ஃபிரேம்கள் கோணிக்கொண்டன. ஃபோர்மேன் வந்து, கண் எங்கேய்யா வச்சிருக்கே என்று அவரைக் கேட்டுவிட்டு, ரசமட்டம் வைத்து எல்லாவற்றையும் நேராக்கினார். ஃபிரேம் நேரானதும் உள்ளே இருந்தவர்கள் சாய்ந்தார்கள்.

மதியம் கன்சல்டன்ட் என்ஜினியர் வருவார், எகிப்துக்காரர். கோணலாக எதைக் கண்டாலும் குறைப்பட்டியலில் ஏற்றிவிடுவார். ஒரு குறை இருந்தாலும் அந்த மாடியை ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காவிட்டால் ஃபோர்மேனுக்கு லீவ் இல்லை. நாளை மறுநாள் டிக்கெட். ஊர் மன்னார்குடிப் பக்கம்; அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகளை இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அதனால்தான் ஸ்க்ரூ டிரைவர்.

விளக்கம் கேட்கிற மனநிலையில் அவர் இல்லை. நான் கார்ப்பெண்டரின் தோளில் ஒரு ஜிப்சம் போர்டை ஏற்றி, நடக்கச் சொல்லி, பாதி எட்டில் நிற்கச் சொன்னேன். ஃபோர்மேனிடம் தூக்குக்குண்டைக் கொடுத்து கார்ப்பெண்டரின் முதுகுக்குப் பிடிக்கச் சொன்னேன். நூலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

“சீக்கிரம் பாருங்கப்பா. என்னையும் ஆணியடிச்சு மாட்டிடாதீங்க” என்றார் கார்ப்பெண்டர்.

ஃபோர்மேன் அவரைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இவன் என்னத்தத் தூக்கிட்டுப் போறான்?”

“அதை வரையலண்ணே. கனத்தை மட்டும் வரைஞ்சிருக்காரு.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

என்ஜினியர் தன் சொந்த ரசமட்டத்தோடு வந்தார். ஏழு ஃபிரேமிலும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. பிறகு மூன்றாவது ஓவியத்தின் முன்னால் நின்று, இந்த ஆள் ஏன் விழுகிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் முந்திக்கொண்டார்.

“நோ ஃபாலிங், சார். டூட்டி கோயிங்.”

என்ஜினியர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். தன்னையறியாமல் அவரும் ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். “கலாஸ்”, முடிந்தது என்று அரபியில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயந்திரமே கார்ப்பெண்டரிடம் அவருடைய தட்டைப் பென்சிலை வாங்கி, பழைய பிளான் தாள்களின் பின்பக்கம் ஆரம்பித்துவிட்டேன். கேம்ப் பஸ்ஸில் ஏறுகிறவர்களை வரைந்தேன். பதினைந்து, இருபது கோடு போட்டும் எல்லாரும் மின்கம்பம் மாதிரி நின்றார்கள். போகட்டும். நாளை மறுநாள் ஃபோர்மேன் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரூமிலிருந்து வண்டிவரை நடப்பார். இருபதடி தூரம்தான், அதற்குள் பிடித்துவிட வேண்டும். முகம் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஐந்தே கோடு, முதலில் முதுகு.