தேவிப்ரியா வெட்டிய சத்தங்கள்

கீரமங்கலத்தில் பூ ஏலம் நடக்கிற கமிஷன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நிலவு வீடியோஸ். கீழே மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் விலை கூவ ஆரம்பித்தால் மேலே பேசுகிற பேச்சு காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் தேவிப்ரியா பல வருஷமாகக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருக்கிறாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். விளக்கிச் சொன்னால் அடுத்து அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ரேட் கேட்பார்கள்.

ஸ்டூடியோ அவள் கணவன் நிலவழகன் ஆரம்பித்தது. அவன் போய்ப் படம் எடுப்பான், இவள் எடிட் செய்வாள். ஒரு முகூர்த்தம் முடித்து அறந்தாங்கிப் பக்கமிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதி அவன் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு கேமராவுக்கு ஆள் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கேமரா நன்றாகவே பிடிக்க வரும். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் அவள் மணமேடைக்கு முன்னால் நிற்பதை எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. நம் ஊரில் இந்த மாதிரி காரியங்கள் பேசாமலே நடந்துவிடும்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு சினிமா வந்தது. குளத்தூர்க்காரன் குணசேகரன், நிலத்தை விற்றும் கூட்டாளிகளிடம் பணம் பிடுங்கியும், குன்றாண்டார்கோவில் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு படத்தை எடுத்து முடித்தான். எடிட்டிங்கை நம்பி இவளிடம் கொடுத்தான். கல்யாண வீடியோ முடியும்போது ஸ்டூடியோ பேர் வரும், அவள் பேர் வந்ததே இல்லை. இதில் 'படத்தொகுப்பு: தேவிப்ரியா' என்று திரையில் தனியாக ஒரு கார்டு வரும். அந்த ஒரு வரிக்காக அவள் பட்ட ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

படத்தை வெட்டி ஒட்டி முடித்தாயிற்று. இனி ஒரு நொடியையும் மாற்றக்கூடாது என்று குணசேகரனும் சொல்லிவிட்டான். அடுத்து, வசனமும் மற்ற சத்தங்களும் அடங்கிய ஃபைல்களைத் தனியாகப் பிரித்துச் சென்னையில் இருக்கிற சவுண்ட் ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் ஒலியைச் சீர் செய்வார்கள். முதல் பகுதியைச் சாம்பிளாக அனுப்பியிருந்தாள். காலையில் போன் வந்தது.

"மேடம், சவுண்ட் ஸ்டூடியோலேருந்து ஹாஜா முகைதீன் பேசுறேன். வசனமெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா நடுவுல ஓட்ட ஓட்டையா இருக்கே?"

"ஓட்டையா?"

"ஒரு வசனம் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் ஒண்ணுமே இல்ல மேடம். காத்து இல்ல, காக்கா இல்ல, ஒரு இருமல் கூட இல்ல. ஆளெல்லாம் கெணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு. நீங்க வெட்டுனீங்களா?"

வெட்டியது அவள்தான். கல்யாணத்தில் யாராவது தும்மினால், பல்லி சொன்னால், ஒரு கிழவி 'போச்சு' என்று வாய் தவறிச் சொன்னால், அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டைப் போட வேண்டும். போடாவிட்டால் பெண் வீட்டார் வந்து நிற்பார்கள். மண்டபத்தில் கெட்டிமேளம் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் இவள் செய்துவந்தாள். அதே கை சினிமாவிலும் புகுந்து விளையாடிவிட்டது. சவுண்ட்காரர்களுக்கு அந்தக் காற்றும் இருமலும்தான் சோறு என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"வேணும்னே வெட்டுனது எது, பழக்கத்துல வெட்டுனது எதுன்னு எனக்குத் தெரியாது மேடம். நீங்கதான் நெரப்பித் தரணும். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உங்களுக்கு ஒதுக்குன தேதிய வேற படத்துக்குக் குடுத்துருவாங்க" என்று ஹாஜா வைத்துவிட்டான்.

அடுத்த நிமிஷம் குணசேகரன். அவன் சென்னையில் அந்த ஸ்டூடியோவில்தான் உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா இப்புடிப் பண்ணிட்டீங்க? இங்க ஒரு எடிட்டர் இருக்காரு. ஹார்ட் டிஸ்க் காப்பிய அவருகிட்ட குடுத்தா சரிபண்ணித் தாரேங்கிறாரு. டைட்டில்ல ரெண்டு பேரு பேரையும் போட்டுக்குவோம்."

"சாயங்காலம் வரைக்கும் பொறு தம்பி. முடியலன்னா ஒன் இஷ்டம்."

சொல்லிவிட்டாளே தவிர நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், புழுக்கம் தாங்காமல் திறந்தாள். அன்றைக்குப் பார்த்து மின்சார வாரியத்தின் பராமரிப்பு நாள் வேறு. கரண்ட் போனதும் இன்வெர்ட்டரை மிச்சம் பிடிக்க ஃபேனை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடங்கினாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் அசல் பதிவைத் தேடிப் பிடித்து அதே இடத்தில் உட்கார வைத்தாள். ஆட்டுக் கத்தல் வந்தது, பஸ் ஹாரன் வந்தது. தேநீர்க் கடைக்காரர் வாய்க்கு வாய் சொன்ன 'எழவு' எல்லாம் திரும்பி வந்தது. ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறோமே என்று அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது. நேரம் ஓடுவதை நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

கல்யாணக் காட்சிக்கு வந்தாள். கல்யாணப் பெண் கிளம்புகிறாள், அம்மா ஓரமாக நின்று பார்க்கிறாள், வசனம் கிடையாது. அம்மாவாக நடித்தவள் மருதாயி, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். கணவனை இழந்து ரொம்ப நாளாகிறது. கேமராவை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை. அசல் பதிவை ஓடவிட்டபோது, கல்யாணப் பெண் நெருங்கி வருகிற கொலுசுச் சத்தத்துக்குப் பின்னால் மருதாயியின் குரல் மெல்லமாகக் கேட்டது.

"என் எதுக்க வராத தாயி. நான் இங்கிட்டு ஓரமாவே நின்னுக்கிறேன். நீ நல்லபடியாப் போ."

தேவிப்ரியா அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டாள். யாரும் எழுதிக்கொடுக்காத பேச்சு. நடிப்பை மறந்து, நிஜக் கல்யாணம் என்று நினைத்து அவளாகவே ஒதுங்கியிருக்கிறாள். இதையும் அபசகுனம் என்று இவள் கை வெட்டிப் போட்டிருக்கிறது. எப்போது வெட்டினோம் என்றுகூட நினைவில்லை. ஊர் தன்னை ஒதுக்குகிறது என்று இத்தனை வருஷம் மனசுக்குள் பொருமியவள், அதே கத்தியைத் தானும் பிடித்திருந்தாள். கோபம் முதலில் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு வெட்கம் வந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள்.

அந்த இடத்தில் சத்தமே வேண்டாம், மியூசிக் போதும் என்று குணசேகரன் முன்பே சொல்லியிருந்தான். ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவனை மீறிச் செய்தால் பேர் என்னாகும் என்று யோசித்தாள். கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். குரலை அது பேசப்பட்ட இடத்திலேயே வைத்தாள். கரண்ட் வந்ததும் ஃபைல்களை அனுப்பிவிட்டு, அப்லோடு ஆவதைக் காட்டுகிற நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டு நகம் கடித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஹாஜா கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"எல்லாம் அடைஞ்சிருச்சுக்கா, நல்லா இருக்கு." காலையில் மேடமாக இருந்தவள் இப்போது அக்காவாகிவிட்டாள். "கல்யாண சீன்ல மட்டும் அந்தம்மா ஏதோ பேசுறாங்க. ஸ்கிரிப்ட்ல இல்ல. எடுத்துரட்டுமா?"

"எடுத்துருங்க ஹாஜா" என்றது குணசேகரனின் குரல். "மியூசிக் வர்ற எடம்னு அப்பவே சொன்னேனேக்கா."

"தம்பி, என் பேர வேணும்னா எடுத்துக்க" என்றாள் தேவிப்ரியா. "மருதாயி பேசுனத எடுக்காத. ஒருக்கா ஒழுங்காக் கேளு."

அந்தப் பக்கம் ஹாஜா அந்த இடத்தை ஓடவிட்டான். பிறகு மருதாயியின் குரல் போன் வழியாகச் சன்னமாகக் கேட்டது. திரும்பவும் ஒருமுறை கேட்டது.

"உங்க பேரு, அவங்க பேச்சு, ரெண்டும் இருக்கட்டுங்க்கா" என்றான் குணசேகரன்.