ஊசிக்கு லொறி அனுப்பினார்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொரோனா ஆளைக் கொல்வதற்கு முன்னாலேயே அடிதடி தொடங்கிவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற மேல் லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொழும்பில் கடையில் வேலை செய்த மகன் வந்திறங்கினான். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துப் பார்த்ததில் அவனுக்கு இருக்கிறது என்று தெரிந்தது. சுகாதாரப் பரிசோதகர் லயத்து வாசலில் நின்று தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டார் வெளியே வரக்கூடாது, அக்கம்பக்கத்தார் அரிசியும் மாவும் தண்ணீரும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். எங்கள் சனத்துக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது. தண்ணீர் கொண்டுபோக ஒரு நாதியில்லை. தாகம் பொறுக்காமல் அந்தத் தாய் வாளியோடு எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வந்தபோது, காலமெல்லாம் அவளோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த பெண்களே கல்லெடுத்து அடித்தார்கள். தோளில் பட்டு அவள் பீலியடியிலேயே விழுந்தாள்.

"அடி சண்டாளிகளா, நாளைக்கு ஒங்களுக்கு வந்தா என்னடி பண்ணுவீங்க?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் முழங்காலிலும் ஒரு கல் விழுந்தது. எறிந்தவள் யார் என்று எனக்குத் தெரியும். இன்றுவரை அவளோடு பேச்சு இல்லை.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறவள். மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுச் செல்வார்கள். லயத்தில் என் காம்பராவுக்கும் அக்காவின் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. பனி விழும் மாதங்களில் அவள் மூச்சுக்குப் படுகிற பாடு சுவர் வழியாக எனக்குக் கேட்கும். "ஒங்க அக்காவுக்குக் கொரோனா ஊசி வந்ததும் கட்டாயம் போடணும். இது வந்துச்சின்னா அவங்க நெஞ்சு தாங்காது" என்று தோட்டத்துக்குப் பிரசவம் பார்க்க வருகிற மிட்வைப் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து எப்படியாவது அவளுக்கு அந்த ஊசியைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு.

ஊசி வந்தது. ஆனால் அதை அறிவித்த இலட்சணத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி திட்டில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஊசி. மொதல்ல பொம்பளைங்க. கொழுந்து லொறி லயத்துக்கே வரும், எல்லாரும் ஏறிக்கங்க. வேலைக்குப் போக வேணாம், முழுப் பேரு விழும்."

முழுப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். என்ன ஊசி, எதற்காக, போட்டால் உடம்பு என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை கிடையாது. கெட்ட மனுஷன் இல்லை அவர். சனத்துக்கு நடை மிச்சம் என்று நினைத்துத்தான் லொறி கேட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் பொம்பளைங்க, லொறி, முழுப் பேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதும் பெண்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். அவர் ஆள் பிரிப்பதற்கு முன்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்பும் ஒரு தடவை இப்படித்தான் லொறி வந்தது. கிளினிக் என்றார்கள். முழுப் பேர் போட்டார்கள், ஆளுக்கொரு சேலையும் கொடுத்தார்கள். ஏறிப்போன பெண்கள் வயிற்றில் தையலோடு வந்து இறங்கினார்கள். இனிமேல் பிள்ளையே பிறக்காது என்பது சிலருக்கு மாதக்கணக்கில் தெரியாமலே இருந்தது. அக்காவும் அந்த லொறியில் போனவள். அப்போது அவள் மடியில் ஒரே ஒரு பெண் குழந்தை. அடுத்த மழையில் அந்தக் குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டது. பிறகு அந்தக் காம்பராவில் அவளும் மச்சானும்தான்.

மச்சான், என் அக்காவின் புருஷன், அதிர்ந்து பேசாத ஆள். மறுநாள் லொறி வந்து லயத்து முன்னால் நின்றதும் அந்த ஆள் கவ்வாத்துக் கத்தியோடு ரோட்டுக்கு வந்தார். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி அது, எலும்பையும் வெட்டும். "எறங்குடா கீழ!" என்று டிரைவரைப் பார்த்து ஒரு சத்தம். அவன் இறங்குவதற்குள் லொறியின் முன்கண்ணாடி சிதறிவிட்டது. வேடிக்கை பார்த்த ஆண்களுக்கு அவ்வளவு போதும். கதவைப் பிடுங்கி, டிரைவரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "அவன் என்னடா பண்ணுனான் பாவம், அவன் வண்டி ஓட்டுறவன்டா!" என்று நான் கத்தியது யாருக்குக் கேட்டது? வாயெல்லாம் இரத்தத்தோடு அவன் தேயிலைக்குள் பாய்ந்து ஓடினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா காம்பராவை விட்டு வெளியே வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, முகத்தில் மாஸ்க்.

"நான் ஊசி போட்டுக்கப் போறேன்" என்றாள்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "ஒருக்கா போனது பத்தாதாடி ஒனக்கு? எல்லாத்தையும் அறுத்துவிட்டும் புத்தி வரலையா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியின் பிடியால் அவள் முகத்தில் குத்தினார். புருவம் கிழிந்தது. மாஸ்க் சிவந்து போனது. மறுபடியும் கை ஓங்கினார்.

நான் வாசலில் கிடந்த விறகுக் கட்டையை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஓங்கி அவர் கையில் போட்டேன். கத்தி விழுந்தது. இன்னொன்று போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. வருத்தமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். "மறுபடியும் கொண்டு போயிருவானுங்க. வெறும் ஒடம்பாத்தான் திருப்பி அனுப்புவானுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அக்கா முந்தானையால் கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

"யாரும் என்னையக் கொண்டுபோக வேணாம். எனக்குக் கால் இருக்கு" என்றாள்.

நடந்தே போனோம். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லயத்துப் பெண்கள் சிலர் கொஞ்சம் எட்டவே பின்னால் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உட்காரப் போட்ட கதிரைகள் எல்லாம் காலி. மிட்வைப் மிஸ் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, "இன்னைக்கு வேணாம், வீட்டுக்குப் போங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"இல்ல மிஸ். கேக்குறதக் கேட்டுட்டு போடுங்க" என்றாள் அக்கா.

காய்ச்சல் இருக்கிறதா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று மிஸ் வரிசையாகக் கேட்டார். "ஆபரேஷன் ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"நான் செய்யல. எனக்குச் செஞ்சாங்க" என்றாள் அக்கா. "அன்னைக்கு என்னான்னு யாரும் சொல்லல. இந்த ஊசி என்னா செய்யும்? எதையெல்லாம் நிறுத்தும்? வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

மிஸ் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். இது நோய் கடுமையாகாமல் தடுக்கிற ஊசி. போட்டாலும் நோய் வரலாம், ஆனால் உயிரைக் குடிப்பது குறையும். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், பனடோல் மாத்திரை போட்டுப் படுத்தால் போகும். போட்டதும் ஓடக்கூடாது, கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார வேண்டும். கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிள்ளை பிறப்பதை இது நிறுத்தாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். இவ்வளவையும் பெரட்டுக்களத்தில் சொல்லியிருந்தால் என்ன கேடு? டிரைவருக்குப் பல்லும் மச்சானுக்குக் கையும் மிஞ்சியிருக்கும்.

மிஸ் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "நான் சொன்னது வெளங்குச்சாங்க? போடுறதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா?"

அக்கா முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"இன்னொருக்கா கேளுங்க, மிஸ்" என்றாள்.

மிஸ் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "ஒங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு, அக்கா ரவிக்கைக் கையைத் தானே மேலே சுருட்டிக்கொண்டாள்.